டாலாவில் தாது சொல்லாத நாள்

நான் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரியில் என் வகுப்பை எடுக்க வந்திருக்கும் பெண் போன வாரம் பபேடான் வட்டாரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு மாடி ஏறி வந்தாள். வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினாள். போனில் ஒரு படம். ஒரு குளம், கரையில் புத்தம்புதுப் பெயர்ப்பலகை, பலகைக்குக் கீழே ஒரு கூட்டம், கூட்டத்தின் நடுவில் நான். வாயை அகலமாகத் திறந்துகொண்டு நிற்கிறேன்.

“சயாமா, உங்க சர்வீஸ்லயே பெரிய வெற்றி இதுதானாமே? ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஆண்டறிக்கைக்கு அட்டைப்படமா இதையே போட்டுடலாம். எவ்வளவு சந்தோஷமா சிரிக்கிறீங்க பாருங்க!”

சிரிக்கிறேனாம். அடிப்பாவி, அது சிரிப்பு இல்லை. வயிறு எரிந்துகொண்டே ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் திறந்த நேரத்தில் எவனோ அமுக்கிவிட்ட படம். ஒரு பக்கமெல்லாம் என்னால் ஆகாது என்று சொல்லி, டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அட்டைப்படத்துக்கு இது ஆகாவிட்டால் போகட்டும்.

சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சரம்மா, ஆணாக இருந்தால் சயா. என் பெயர் ரெங்கநாயகி என்பது எங்கள் தெருவில் நாலு பேருக்குத்தான் ஞாபகம் இருக்கும். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர், அப்பா அதே துறைமுகத்தில் எழுத்தர், நான் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். பூகோளம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவளைப் பிடித்து, பக்கத்து நாட்டு ஓட்டல் ஒன்றில் காலநிலைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த ஓட்டல் ஏசியில் பல் கிட்டிப் போய், சால்வையைப் போர்த்திக்கொண்டு, பூமி சூடாவதைப் பற்றிப் படித்தோம். கலர் கலராகத் துண்டுக் காகிதங்களைச் சுவரில் ஒட்டினோம். திரும்பி வந்தபோது நான் நிபுணர். கியாக்டடாவில், சூலே பகோடாவுக்கு அடுத்த தெருவில் ஒரு தனியார் கல்லூரியில் ‘காலநிலை நீதியும் தலைமைப் பண்பும்’ என்று ஒரு வகுப்பை என் தலையில் கட்டினார்கள். பழைய வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். லிஃப்ட் இருந்தது, ஆனால் நான் இருந்த காலம் முழுக்க அது ஓடி நான் பார்த்ததில்லை.

கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது வகுப்பு. கரண்ட் வந்ததும் பிள்ளைகளுக்குப் போனில் தகவல் போகும், போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். பாதி பாடத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டரில் விளக்கு மட்டும் எரியும், மின்விசிறி நின்றுவிடும், ஜன்னலைத் திறப்போம். திறந்தால் பஸ் இரைச்சல். மூடினால் வேக்காடு. வெயிலைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க எனக்குப் படம் எதுவும் தேவைப்பட்டதில்லை.

வகுப்பில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள். பையன்கள் பலர் எல்லை தாண்டி வேலைக்குப் போய்விட்டார்கள், இருப்பவர்கள் வெளியே தலை காட்டுவதில்லை. ஏன் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. கூட்டம் கூடினால் கேள்வி வரும். பதாகை பிடித்தால் கேள்வி வராது, ஆளே வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் போராட்டக்காரர்களை உருவாக்கு என்று என்னிடம் சொன்னார்கள். சரி என்று நானும் தலையாட்டினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிய எதிரி அந்தப் பயம் இல்லை. ஆனாடே.

இந்தப் பர்மிய வார்த்தைக்கு நம் பேச்சில் சரியாக ஒன்று அகப்படாது. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்ற கூச்சம். பசித்தாலும் சாப்பிட்டேன் என்று சொல்ல வைப்பது. மீதிச் சில்லறையைக் கேட்காமல் பஸ்ஸை விட்டு இறங்க வைப்பது. நல்ல குணம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளை, பர்மியப் பிள்ளை, யாராயிருந்தாலும் இந்த ஊரில் வளர்ந்தால் அது தாய்ப்பாலோடு வந்துவிடும். ஆனால் நீதி கேட்கப் போகிறவளுக்கு இந்தக் கூச்சம் இருந்தால் என்னத்தைக் கேட்பாள்?

முதல் நாளே சொல்லிவிடுவேன். “புகை விட்டவன் ஒருத்தன், மூச்சு முட்டறது இன்னொருத்தனுக்கு. முட்டறவன் போய் ‘பார்த்து ஏதாவது செய்யுங்க’ன்னு நின்னா, அது தர்மம் கேக்கறது. ‘இது என் பங்கு, குடு’ன்னு கேட்டாத்தான் நீதி. இந்த வகுப்புல தர்மம் கேக்கறவங்களுக்கு மார்க் கிடையாது.” எல்லோரும் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள். பிறகு, எழுத இவ்வளவு நேரம் தந்ததற்கு எனக்கு நன்றி சொல்வார்கள்.

அதனால் ஒரு பயிற்சி வைத்திருந்தேன். மேசைக்குப் பின்னால் ஒருத்தி அதிகாரியாக உட்காருவாள். இன்னொருத்தி உள்ளே வந்து மூன்றே வாக்கியம் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, அதற்கு யார் பொறுப்பு, எங்களுக்கு என்ன எப்போதைக்குள் வேண்டும். மூன்றாவது வாக்கியம் முடிகிறவரை மன்னிப்பு கேட்கக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது, சிரிக்கக் கூடாது. முடிந்த பிறகு நன்றி வேண்டுமானால் மூட்டையாக இறக்கிவிட்டுப் போகலாம். இவ்வளவுதான் பயிற்சி.

கேட்டால் சுலபம்தான், இல்லையா? செய்ய வைத்துப் பாருங்கள். ஒருத்தி உள்ளே வந்ததும் அதிகாரியின் மேசையைத் துடைத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி, அதிகாரி களைப்பாக இருக்கிறார், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போய்விட்டாள். மூன்றாவது ஒருத்தி கீழே லாப்பெயே டீக்கடைக்கு ஓடி, சொந்தக் காசில் ஒரு கப் டீ வாங்கிவந்து அதிகாரிக்கு வைத்துவிட்டு, அப்புறம் என்ன கேட்க வந்தோம் என்பதையே மறந்துவிட்டாள். அதிகாரியாக உட்கார்ந்தவளோ, பாவம், இவர்கள் சங்கடப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள்! நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

எங்கள் பிரின்சிபல் ஊ டின் ஓ இந்த ஆனாடேக்கு ராஜா. முப்பது வருஷமாக ‘முடியாது’ என்ற வார்த்தை அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி லுங்கி நுனியில் துடைப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். பிறகு, “நல்ல யோசனை, சயாமா” என்பார். அத்தோடு அந்த யோசனைக்குக் காரியம் முடிந்தது என்று அர்த்தம். ஒரு புது மின்விசிறி கேட்டு அவர் எத்தனை முறை கண்ணாடி துடைத்தார் என்பதற்குக் கணக்கில்லை. கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டாவது வந்திருக்கலாம்.

இன்னொன்றும் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் எந்தத் தானம் நடந்தாலும் அவருக்கு முன்வரிசை. இங்கே தானம் கொடுத்து முடித்ததும் கொடுத்தவர் மூன்று முறை “அம்யா” என்று சொல்வார். இந்தப் புண்ணியத்தில் உங்களுக்கும் சமபங்கு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். கூடியிருப்பவர்கள் “தாது, தாது, தாது” என்று சேர்ந்து சொல்வார்கள். நம் ‘சாது’தான் பர்மியர் வாயில் தாது, நல்லது செய்தீர்கள் என்று அர்த்தம். அதைச் சொன்னால்தான் தானம் முழுமை. புத்தரைக் கும்பிடுகிறவரோ, எங்களைப் போல மாரியம்மனைக் கும்பிடுகிறவரோ, கூட்டத்தில் நின்றால் எல்லோர் வாயும் தானாகச் சொல்லும். ஊ டின் ஓவின் தாது மைக் இல்லாமலே ஆற்றைத் தாண்டும்.

சரி, துளசிக்கு வருகிறேன்.

கல்லூரியில் அவள் பெயர் தூஸா, வீட்டில் துளசி. டாலாவிலிருந்து தினமும் ஆற்றைத் தாண்டிப் படகில் வருவாள். கன்னத்தில் சந்தனம் மாதிரி அப்பின தனாக்கா ஆற்றுக்காற்றில் பாதி உதிர்ந்திருக்கும். பர்மியத்தில்தான் பேசுவாள். திட்டு வாங்கும்போது மட்டும் தமிழுக்கு வருவாள், அதனால் என்னோடு பெரும்பாலும் தமிழ்தான். அப்பா இல்லை. அம்மா செல்லம்மா குளத்தங்கரை ஓரத்தில் இட்லி, வடை போட்டு விற்கிறவர்.

டாலாவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். மழைத் தண்ணீர் நிற்கும் குளம்தான் குடிக்க. செருப்போடு யாரும் படிப்பலகையில் இறங்க மாட்டார்கள், துணி அலச மாட்டார்கள், அப்படி வைத்துக் காப்பாற்றுவார்கள். முன்பெல்லாம் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா தாண்டியும் கொஞ்ச நாள் வரும். இப்போது வெயில் போடுகிற போட்டில் அதற்கு முன்பே அடி தெரிகிறது. உடனே அக்கரையிலிருந்து புண்ணியவான்கள் தண்ணீர் லாரியோடு கிளம்பிவிடுவார்கள்.

துளசி இருந்த பேட்டைக்கு வருகிற புண்ணியவான் ஊ சோ மின். ஏசியும் ஜெனரேட்டரும் விற்கிற பெரிய வியாபாரி. வெயில் ஏற ஏற அவருக்கு வியாபாரம் ஏறும். அவர் ஒரு கோடவுன் கட்ட நினைத்தார். லாரி திரும்ப இடம் போதவில்லை, அதனால் பேட்டைக் குளத்தில் பாதியைத் தூர்க்கப் போகிறேன் என்றார். குளம் போனால் தண்ணீருக்கு என்ன செய்ய என்று யாரோ மெல்லக் கேட்டதற்கு, “நான் இருக்கேனே, வருஷா வருஷம் லாரியில தானம் பண்றேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். கேட்டவர் ஆனாடே பட்டு வாயை மூடிக்கொண்டார். மண் லாரி வரத் தொடங்கிவிட்டது.

துளசி வகுப்பில் இதைச் சொன்னபோது எனக்கு ஜிவ்வென்று ஏறியது. புத்தகத்தில் இருக்கும் பாடம் இப்படியா ஆற்றைத் தாண்டி வந்து நிற்கும்! வெயிலை விற்கிறவன் குளத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரைப் பிச்சை போடுகிறான். “போய்க் கேளுங்கடி” என்றேன். துளசியையும் இன்னும் சில பிள்ளைகளையும் சேர்த்து, மூன்று வாக்கியத்தையும் உருப்போட வைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று சிரிக்காமல் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அவர் ஆபீஸுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியது, அவ்வளவுதான். நான் கூடப் போகவில்லை. டீச்சரை இழுத்துக்கொண்டு போனால் அது தலைமைப் பண்பு ஆகுமா?

திரும்பி வந்தார்கள். முகமெல்லாம் மலர்ச்சி.

“என்னடி சொன்னார்?”

“ரொம்ப நல்ல மனுஷர் சயாமா. ஏசி ரூம்ல உட்கார வச்சார். சமூசா, ஃபலூடா எல்லாம் வாங்கிக் குடுத்தார். எங்க படிப்பைப் பத்தியெல்லாம் விசாரிச்சார்.”

“சரி. மூணு வாக்கியம்?”

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். துளசிதான் தமிழுக்கு வந்தாள். “அவ்ளோ செஞ்சப்புறம் எப்படி சயாமா கேக்கறது? முதல் வாக்கியம் ஆரம்பிச்சேன். அதுக்குள்ள இன்னொரு ஃபலூடா வந்திடுச்சு.”

“அப்புறம்?”

“நன்றி சொல்லிட்டு வந்தோம். படம் எடுத்துக்கிட்டார்.”

பாழாய்ப் போன ஃபலூடா! நான் வருஷக் கணக்கில் தொண்டை வறளக் கத்தியதை ஒரு கிளாஸ் சேமியாவில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். எரிச்சலில் அன்றைக்கு வகுப்பையே பாதியில் விட்டுவிட்டுப் போய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

ஆனால் படம் என்ற வார்த்தைதான் விஷம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மறுநாளே அது ஊ சோ மின்னின் ஃபேஸ்புக்கில் வந்துவிட்டது. இவர்கள் கைகூப்பிச் சிரிக்கிறார்கள். கீழே, ‘சுற்றுச்சூழல் படிக்கும் டாலா இளைஞர்கள் எங்கள் வளர்ச்சித் திட்டத்துக்கு நேரில் வந்து நன்றி தெரிவித்தனர்’ என்று எழுதியிருந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து வட்டார அலுவலகத்துச் சுவரிலும் ஒட்டிவிட்டார்கள். இளைஞர்களே சம்மதித்துவிட்டார்கள், இனி யாருக்கு என்ன ஆட்சேபம்? அதுவரை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்த மண் லாரி அன்றைக்கு வரிசையாக வந்தது.

பேட்டையில் துளசிக்கு முகம் காட்ட முடியவில்லை. “சமூசாவுக்குக் குளத்தை வித்துட்டா” என்று குளத்தங்கரையில் பேசினார்கள். செல்லம்மாவின் வடைச் சட்டியைச் சுற்றி நின்ற கூட்டம் எதிர்த்த கடைக்குப் போய்விட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பெண்ணை, அந்தக் குளத்தைத் தின்றவள் என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

நான் பிரின்சிபலிடம் போனேன். கல்லூரி பெயரில் மறுப்பு ஒன்று போடுங்கள், அந்தப் படத்துக்கு அர்த்தம் அது இல்லை என்று சொல்லுங்கள், ஒரு பெண்ணின் மானம் போகிறது என்றேன். ஊ டின் ஓ கண்ணாடியைக் கழற்றினார்.

“கழட்டாதீங்க சயா, துடைக்காதீங்க!” என்று கத்திவிட்டேன்.

கழற்றிய கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு முழித்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் பரிதாபமாக இருந்தது. “சயாமா, அவர் நம்ம கல்லூரிக்கும் ஜெனரேட்டர் தானம் குடுத்தவர்” என்றார் மெல்ல. அது எனக்கு அதுவரை தெரியாது. எந்த ஜெனரேட்டர் வெளிச்சத்தில் நீதி சொல்லிக் கொடுத்தேனோ அதுவும் அவருடையதுதான். எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு துளசி மட்டும் உட்கார்ந்திருந்தாள். “சயாமா, கேக்கறது எப்படின்னு சொல்லிக் குடுத்தீங்க. நன்றி சொல்லாம இருக்கறது எப்படின்னு ஒரு பாடமும் இல்லையே?”

“அது பாடத்திட்டத்துல இல்லடி” என்றேன், எரிச்சலோடுதான்.

“அப்படின்னா நானே பாத்துக்கறேன்” என்று பையை மாட்டிக்கொண்டு போனாள். கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வெயில் உச்சிக்கு வந்த சமயம் ஊ சோ மின்னின் தண்ணீர் தானம் வந்தது. பாதி தூர்ந்த குளத்துக்கு எதிரே பந்தல், மைக், வாடகை நாற்காலி. நீர்வழங்கல் விழா என்று எங்கள் கல்லூரிக்கும் அழைப்பு. ஊ டின் ஓ முன்வரிசை. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். துளசியின் முகத்தைப் பார்க்கவாவது போக வேண்டும் என்று படகு ஏறினேன். இறங்கி சைக்கா ரிக்ஷாவில் போய்ச் சேருவதற்குள் உடம்பு வெந்துவிட்டது.

பெண்கள் குடமும் டின்னுமாக வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதலில் செல்லம்மா, அடுத்தது துளசி. பின்னால் பேட்டையே நின்றது. குளத்தங்கரையில் இவளைப் பேசியவர்களும் நின்றார்கள். லாரியிலிருந்து குழாய் நீட்டி வைத்திருந்தார்கள், தண்ணீர் இன்னும் திறக்கவில்லை. முதலில் புண்ணியம், பிறகுதான் தண்ணீர், இதுதான் முறை. ஊ சோ மின் வெள்ளைச் சட்டையில் மேடைக்கு வந்தார். நல்ல வார்த்தை நாலு பேசினார். மணி அடித்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “அம்யா… அம்யா… அம்யா…” என்றார்.

யாரும் தாது சொல்லவில்லை.

எனக்கு முதலில் புரியவே இல்லை. மைக் கோளாறு, யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். திரும்பவும் மணி. திரும்பவும் மூன்று அம்யா. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள். குழந்தை ஒன்று பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தது, அதன் அம்மா பொத்திவிட்டாள். அப்போது முன்வரிசையிலிருந்து, “தாது! தாது! தாது!” என்று இடி மாதிரி ஒரே ஒரு குரல். ஊ டின் ஓ! அந்த மௌனத்தில் தன்னந்தனியாக அது போய் ஆற்றில் விழுந்தது. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

‘நானே பாத்துக்கறேன்’ என்று துளசி சொன்னது இதைத்தான், பேட்டை முழுக்கப் பேசி வைத்திருக்கிறாள். இவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கூட்டம் கூடச் சொன்னதே ஊ சோ மின்தான். பதாகை இல்லை, கோஷம் இல்லை, வாயைத் திறக்காததற்கு எந்தச் சட்டம் இருக்கிறது? ஆனால் தண்ணீர் இன்னும் லாரிக்குள்தானே இருக்கிறது. அதைத் திறக்காமல் போய்விட்டால் இவ்வளவு பேரும் எதைக் குடிப்பார்கள்?

ஊ சோ மின் மேடையை விட்டு இறங்கி நேராகச் செல்லம்மாவிடம் வந்தார். கையைப் பிசைந்துகொண்டே கேட்டார். “அக்கா, என்ன குறை? தண்ணி பத்தாதா? இன்னொரு லாரி சொல்லட்டுமா?”

செல்லம்மா அவரைப் பார்த்தார். ஒரு பெரிய மனுஷர் கலங்கி நிற்பதைப் பார்க்க அவருக்கு முடியவில்லை. முகத்தில் அந்தப் பாழும் புன்னகை வந்துவிட்டது. “அய்யய்யோ, ஒரு குறையும் இல்லைங்க சயா…”

நான் என் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

துளசி அம்மாவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு முன்னால் வந்தாள். தனாக்கா முழுக்க வியர்வையில் கரைந்திருந்தது. “எங்க குடிதண்ணிக் குளத்துல பாதி தூர்ந்து போச்சு” என்றாள். “தூர்த்தது நீங்க.” ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். “மழை வர்றதுக்குள்ள மண் லாரி நிக்கணும்.” சிரிக்கவில்லை. மன்னிப்பு கேட்கவில்லை. நான் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன். மூன்று. அதற்குப் பிறகு கையைக் கூப்பி, “இந்த வெயில்ல தண்ணி கொண்டு வந்ததுக்கு நன்றி” என்றாள்.

ஊ சோ மின் காரில் ஏறிப் போய்விட்டார். லாரி டிரைவர் யாரைக் கேட்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குழாயைச் சுருட்டிக்கொண்டு அவனும் போய்விட்டான். பெண்கள் காலிக் குடத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

வெற்றிக் கதை எழுதச் சொல்கிறாளே அந்தப் பெண், அதற்குப் பிறகு வந்த நாட்களை எந்தப் பக்கத்தில் எழுதுவாள்? தண்ணீர் லாரி வரவில்லை. மற்ற புண்ணியவான்களும், அங்கே போனால் தாது கிடைக்காது என்று கேள்விப்பட்டுப் பக்கத்துப் பேட்டைக்குத் திரும்பிவிட்டார்கள். மிச்சக் குளத்தில் சேறு கலந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சினார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. செல்லம்மா பெண்ணைத் திட்டினார். என் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரிக் குழாயில் கேன்களைப் பிடித்து மாடிப்படியில் இறக்கிப் படகில் ஏற்றினார்கள். நீதி வகுப்பு தண்ணீர் வண்டியாகிவிட்டது! நானும் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு கை கேனின் மறு பக்கத்தைப் பிடித்தது. ஊ டின் ஓ. படித்துறை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஊ சோ மின் வீட்டுல நிம்மதி இல்லையாம், சயாமா” என்றார் திரும்பும்போது. “தாது விழாத தானம்னு அவர் சம்சாரம் அழுதுக்கிட்டே இருக்காங்களாம்.”

“அழட்டும்” என்றேன்.

அது உண்மையோ, பொய்யோ எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: மண் லாரி வரவில்லை. கோடவுனுக்கு வேறு பக்கமாக வழி எடுத்தார்கள். அந்த வருஷம் மழை தள்ளிப்போய்த்தான் வந்தது, ஆனால் வந்தது. பாதிக் குளம் நிறைந்தது. தூர்த்த பாதியை யாரும் திருப்பித் தோண்டித் தரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் குளத்தங்கரையில் விழா என்று கூப்பிட்டார்கள். போனேன். போய்ப் பார்த்தால், பச்சைத் தகரப் பலகையில் தங்க எழுத்து: ‘இக்குடிநீர்க் குளம் ஊ சோ மின் குடும்பத்தாரின் கொடை.’

யாருடைய குளம்! யார் கொடுத்த கொடை! பாதியைத் தின்றுவிட்டு மீதிக்குத் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். பேட்டையே புதுத்துணி கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறது. சமூசாக்காரி என்று பேசிய வாயெல்லாம் “நம்ம துளசி, நம்ம துளசி” என்று கொஞ்சுகிறது. செல்லம்மாவின் சட்டியைச் சுற்றிக் கூட்டம். எனக்கோ அந்தப் பலகையைப் பிடுங்கிக் குளத்திலேயே எறியலாம் போல இருந்தது.

“என்னடி இது, அக்கிரமமா இல்ல?” என்று துளசியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “இதுக்காடி நாக்கு வறண்டு நின்னீங்க? உங்க குளத்துக்கு நீங்களே போய் அவனுக்கு நன்றி சொல்றதுக்கா?”

மணி அடித்தார்கள். மேடையில் ஊ சோ மின் “அம்யா” என்று ஆரம்பித்தார். இந்த முறை கண்ணை முழுக்க மூடவில்லை, ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது துளசியை.

துளசியும் அவரைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. மூன்று அம்யாவும் முடியட்டும் என்று நிதானமாக நின்றாள், அவள் வாயைப் பார்த்துப் பேட்டை முழுவதும் நின்றது. பிறகு என் பக்கம் சாய்ந்து, “பலகை மழையில துருப்பிடிச்சுடும் சயாமா. நீங்க தண்ணியைப் பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

தண்ணீரைப் பார்த்தேன். பாதிதான். ஆனால் கரை தொட நின்றது.

வயிற்றெரிச்சலோடு தாது சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில்தான் எவனோ படம் எடுத்துவிட்டான்.